வலப்பக்கப் பேனா

மருந்துத்தேர் ஆறாம் வார்டுக்குள் நுழைந்ததும் கோமதிநாயகம் படுக்கையில் இருந்தபடியே கையைத் தூக்கி, "ஹோல்டான்!" என்று குரல் கொடுத்தார். தேர் நின்றது. அவர் சொன்னதற்காக ஒன்றும் நிற்கவில்லை, ஒன்பதாம் படுக்கை வந்துவிட்டதால் நின்றது. ஆனாலும் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி, கண்டக்டர்கள் ஹோல்டான் சொல்லச் சொல்ல பிரேக்கை மிதித்த மனிதர் அவர். சொல்கிற முறை இப்போது தனக்கு வந்துவிட்டதில் ஒரு சந்தோஷம்.

"என்ன புள்ள, இன்னைக்கு எத்தன மார்க்கு?" என்று தேரோடு வந்த மாணவி பனிமலரைக் கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் ஆகலை. சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க."

தேர் என்றதும் வடம் பிடிக்கிற தேரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இடுப்புயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, நாலு சக்கரம், மேலே ஒரு கண்ணாடிப் பலகை, பக்கவாட்டில் ஒரு மெல்லிய கை. அவ்வளவுதான். அதை நடத்துவது ஆணைப்பொறி என்கிற கணினி. பொன்வயல் மருத்துவமனையில் யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் எட்டு வருஷமாக அதுதான் முடிவு செய்கிறது. ஊசியையும் தேரின் கைதான் போடுகிறது. மனிதர்கள் போடுவதைவிட வலிக்காமல் போடுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். மனிதருக்கென்று சட்டம் மிச்சம் வைத்த வேலை ஒன்றே ஒன்று. பலகையில் ஆணை தோன்றியதும் பன்னிரண்டு விநாடி ஓடும். அதற்குள் ஒருவர் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மருந்து உள்ளே போகும். சிவப்பை அமுக்கினால் ஆணை அப்படியே நின்று, டூட்டி டாக்டரின் பார்வைக்குப் போகும். அந்த ஒருவருக்குப் பெயர் மறுப்புச் செவிலி. அதற்கு மூன்று வருஷப் படிப்பு.

பனிமலர் ஆணையைப் படித்தாள். காலில் ரத்தம் கட்டிய கோமதிநாயகத்துக்கு ரத்தத்தை இளக்குகிற ஊசி. தினமும் மதியம் பன்னிரண்டுக்கு வருவதுதான். பச்சையை அமுக்கினாள். தேரின் கை நீண்டு, வயிற்றில் ஊசியைப் போட்டுவிட்டு மடங்கியது.

"ரைட், போலாம்!" என்றார் கோமதிநாயகம். தேர் போயிற்று.

"பொத்தான் அமுக்கவா மூணு வருஷம் படிக்க?" என்று பனிமலரிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. நோயாளிகளும் இந்த மாணவிகளைப் 'பொத்தான் புள்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அவள் கோபித்துக்கொண்டதே கிடையாது, ஏனென்றால் அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. வெள்ளைக் கோட்டு, மார்பில் தைத்த பெயர், தூக்கிக் கட்டிய கொண்டை எல்லாம் இருந்தும், கண்ணாடியில் பார்த்தால் ஆண்டுவிழாவில் நர்ஸ் வேஷம் கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைதான் தெரிந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் நாட்குறிப்பில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். 'இந்த வாரம் எப்போது உங்களைச் செவிலியாக உணர்ந்தீர்கள்?' மூன்று வருஷமாக அவள் அதில் கை கூசாமல் புளுகிக்கொண்டிருந்தாள். ஒரு நோயாளி கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதினால் பத்துக்கு எட்டு வரும். கூடவே கொஞ்சம் கண்ணீரையும் சேர்த்தால் ஒன்பது.

அது கிடக்கட்டும். உண்மையான பரீட்சை வார்டில் நடந்தது. ஆணைப்பொறி தருகிற சரியான ஆணைகளுக்கு நடுவில், மாணவர்களைச் சோதிப்பதற்கென்றே தப்பான ஆணை ஒன்று நுழைக்கப்படும். அதற்குச் சோதனையாணை என்று பெயர். பிடித்து மறுத்தால் ஐந்து மார்க். கவனிக்காமல் பச்சையை அமுக்கினால் கையில் இருப்பதில் ஐந்து போச்சு. அப்படிப் போகிற மார்க் உடனே போகாது, மூன்று நாள் நாலு நாள் கழித்துத்தான் குறையும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பயப்பட ஒன்றும் இல்லை என்று ட்யூட்டர் கிருபாவதி மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். "நீங்க விட்டாலும் நோயாளிக்கு எதுவும் ஆகாது. சோதனையாணைன்னா தேருக்குள்ள இருக்கறது வெறும் உப்புத்தண்ணி." பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. சரியான ஆணையைப் போய்த் தப்பென்று மறுத்தால் அது வீண்மறுப்பு. மூன்றாவது வீண்மறுப்போடு படிப்பு முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பனிமலர் சோதனையாணை பிடிப்பதில் கெட்டிக்காரி. மூன்று வருஷத்தில் அவள் விட்டது ஒன்றே ஒன்று, இரண்டாம் வருஷம் மூன்றாம் வார்டில். ஆனால் வீண்மறுப்பு அவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. படிப்பு முடிய இன்னும் நாலு நாள். இன்னொரு தடவை சிவப்பை வீணாக அமுக்கினால், மூன்று வருஷமும் தண்ணீரில் கரைத்த உப்புதான்.

மாணவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு வார்டுக்கு ஒரு சோதனையாணைதான் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் சீனியர்கள் என்பார்கள். சீனியர்களைக் கேட்டால் அவர்களுடைய சீனியர்களைக் கைகாட்டுவார்கள். எப்போதாவது இரண்டு வந்துவிட்டால் மேடத்தின் குசும்பு என்று திட்டிக்கொள்வார்கள். காலையில் டூட்டிக்கு வரும்போது எல்லோருடைய பேனாவும் கோட்டின் இடது பையில் இருக்கும். அன்றைய சோதனையைப் பிடித்துவிட்டால் பேனாவை வலது பைக்கு மாற்றிவிடுவார்கள். வராந்தாவில் எதிரே வருகிறவரின் பேனாவைப் பார்த்தாலே யார் முடித்தாயிற்று, யார் இன்னும் தவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பேனா வலப்பக்கம் போய்விட்டதா, மிச்ச ஷிஃப்ட் ஏக நிம்மதி. பேசிக்கொண்டே பச்சை, கொட்டாவி விட்டுக்கொண்டே பச்சை. வேலைக்குப் போன பிறகும் கவனம் மழுங்காமல் இருக்கச் சோதனையாணை வரும் என்று சொல்லியிருந்ததால், படித்து முடித்தவர்களும் இந்தப் பேனா வழக்கத்தைக் கையோடு கொண்டுபோனார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு நாலாம் படுக்கைக்கு இன்சுலின் ஆணை வந்தது. அந்த ஆள் ஸ்கேனுக்காகப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் இன்சுலினா! பனிமலர் சிவப்பை அமுக்கினாள். டூட்டி டாக்டர் நெல்சன் தன் அறைத் திரையிலேயே பார்த்துவிட்டு மறுப்பை ஏற்றுக்கொண்டார். பேனா வலது பைக்குப் போயிற்று.

பக்கத்து வார்டு சுடலைராஜ் வராந்தாவில் அதைப் பார்த்துவிட்டான். அவளோடு படிக்கிறவன், இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள்.

"ஏட்டி பனி, எட்டு மணிக்கேவா? குடுத்து வச்சவட்டி நீ."

"உனக்கு?"

"இன்னும் மொளைக்கலை. இந்தா பாரு, இன்னும் மூணே நாளு. பேனா வலது பக்கம் வந்துட்டுன்னா கண்ண மூடிட்டுப் பச்சைய அமுக்கு. உன் அதிமேதாவித்தனத்த எல்லாம் மூட்ட கட்டி வையி. கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுடைய இரண்டு வீண்மறுப்பும் அப்படி அதிமேதாவித்தனத்தால் வந்தவைதான்.

பன்னிரண்டு மணிக்குத் தேர் ஒன்பதாம் படுக்கைக்கு வந்தது. ஹோல்டான் வரவில்லை. பனிமலர் நிமிர்ந்து பார்த்தாள். கோமதிநாயகம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரி, வகிடெடுத்து, டூட்டிக்குப் போகிற டிரைவர் மாதிரிதான் எப்போதும் இருப்பார். இன்றைக்குத் தலை ஈரமாக, வாராமல் கிடந்தது.

"என்ன, இன்னைக்கு ஹோல்டான் இல்லையா?"

"ம்."

"உடம்பு சரியில்லையா?"

கொஞ்ச நேரம் கழித்து, "ரைட்டு" என்றார். எதற்கு ரைட் என்று விளங்கவில்லை. தேர் இன்னும் ஒன்றும் செய்யவே இல்லை.

பலகையில் அதே ஆணைதான். அதே ஊசி, அதே அளவு, அதே பன்னிரண்டு மணி. இரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் எல்லாம் ஒழுங்கு என்று ஓரத்தில் காட்டியது. நாலு நாளாக யோசிக்காமல் பச்சையை அமுக்கிய ஆணை. விநாடி ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று, பத்து, ஒன்பது.

"அமுக்கு புள்ள" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நாளைக்கு வீட்டுக்குப் போணும்."

பேனா வலப்பக்கம் இருக்கிறது என்று பனிமலர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சோதனை முடிந்துவிட்டது, இது நிஜ ஆணை. நிஜ ஆணையை மறுத்தால் மூன்றாவது வீண்மறுப்பு. மறுக்கக் காரணம் என்ன? ஒரு ஆள் ஹோல்டான் சொல்லவில்லை, தலை வாரவில்லை. இதை எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள். ஐந்து, நாலு. விரல் பச்சை மேல்தான் இருந்தது. மூன்று. இரண்டில் விரலை நகர்த்திச் சிவப்பை அமுக்கினாள்.

விநாடி ஓட்டம் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று நினைத்துக்கொண்டாள்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் அவள் ஒன்றும் எழுதாததால் டாக்டர் நெல்சன் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பியாயிற்று.

"என்னம்மா காரணம்?"

"ஹோல்டான் சொல்லலை, சார்."

"எதை?"

"தினமும் தேர் வந்தா ஹோல்டான்னு சொல்லுவாரு. இன்னைக்குச் சொல்லலை."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இது எத்தனாவது?"

"மூணாவது, சார்."

அவர் பெருமூச்சு விட்டு, பலகையில் மறுப்பைத் தள்ளுபடி செய்யப் போனார். பனிமலருக்கு அதற்கு மேல் இழக்க ஒன்றும் இல்லை. கோமதிநாயகத்தின் பக்கத்தில் போய், "தலையை ஏன் நனைச்சீங்க?" என்று கேட்டபடி பின்மண்டையில் கை வைத்தாள். அவர் "யம்மா!" என்று துள்ளினார். விரலுக்கடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எங்க விழுந்தீங்க?"

"பத்து மணிக்கு... கக்கூஸ்ல வழுக்கிட்டு. ரத்தம் லேசாத்தான் வந்துச்சு, கழுவிட்டேன்." அவர் வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். "சொன்னா நாளைக்கு விட மாட்டீயளே."

டாக்டர் நெல்சனின் கை பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த அரைமணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருந்தது. அந்த நேரத்தில் ரத்தத்தை இளக்கும் ஊசியும் உள்ளே போயிருந்தால் சாயங்காலம் ஆளை மூடித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். கோமதிநாயகத்தை அறுவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது பனிமலர் வாசல்வரை கூடவே ஓடினாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அன்றைய முடிவைப் பார்க்கப் போனாள். பலகையில் இப்படி இருந்தது: 'சோதனையாணை இரண்டு. பிடித்தது இரண்டு. வீண்மறுப்பு இல்லை.' பத்து மார்க். தப்பித்தாள். கூட நின்றவர்கள் முதுகில் தட்டினார்கள். சுடலைராஜ், "மேடத்துக்குக் குசும்பப் பாத்தியாட்டி!" என்றான்.

பனிமலர் சிரிக்கவில்லை. அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். கோமதிநாயகம் விழுந்தது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கழிவறைக்குள் கண் வைக்கக் கூடாது என்று ஆணைப்பொறிக்கே சட்டம் இருக்கிறது. யாருக்குமே தெரியாத ஒன்றை வைத்து யார் சோதனை நுழைத்திருக்க முடியும்? நேராக ட்யூட்டர் அறைக்குப் போனாள்.

கிருபாவதி மேடம் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். "வாம்மா, கேள்விப்பட்டேன். ரொம்ப நல்லாப் பண்ணிருக்க."

"மேடம், அது சோதனையாணைன்னு போட்டிருக்கு. யாரு உள்ள நுழைச்சது?"

"அதெல்லாம் சிஸ்டம் பண்றது."

"அவரு விழுந்தது சிஸ்டத்துக்குத் தெரியாது, மேடம். எனக்கே சிவப்பை அமுக்கினதுக்கு அப்புறந்தான் தெரியும். நாலு நாளா அதே ஊசி. நேத்து வரைக்கும் நிஜமா இருந்த ஆணை இன்னைக்கு எப்படிச் சோதனை ஆகும்?"

மேடம் டப்பாவை மூடினார். எழுந்து போய்க் கதவையும் சாத்தினார்.

"டாக்டர் மறுப்பை ஏத்துக்கிட்டா சோதனையாணைன்னு பதிவாகும். ஏத்துக்கலைன்னா வீண்மறுப்புன்னு பதிவாகும். அவ்வளவுதான்" என்றார். "சோதனையாணைன்னு தனியா ஒண்ணு கிடையாது, பனிமலர். எதையும் நாங்க நுழைக்கறதில்லை. நுழைக்க வேண்டிய தேவையும் இல்லை. பொறியே ஒரு ஷிஃப்டுக்குச் சராசரியா ஒரு தப்புப் பண்ணிடுது."

பனிமலர் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

"முதல் பேட்ச்கிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னேன்" என்றார் மேடம். "பொறி தப்புப் பண்ணும், நீங்க விட்டா ஒரு உயிர் போகும்னு. இருபத்திரண்டு பேர் இருந்தாங்க. மூணு மாசத்துல பதிமூணு பேர் ஓடிட்டாங்க. மிச்சப் பேர் பயத்துல எல்லாத்துக்கும் சிவப்பை அமுக்கினாங்க. டாக்டர்களால பார்த்து மாளலை. நேரத்துக்கு மருந்து கிடைக்காமலே ரெண்டு பேர் செத்தாங்க. அடுத்த பேட்ச்கிட்ட இது பரீட்சைன்னு சொன்னேன். ஒருத்தர் கைகூட நடுங்கலை. மூணு மடங்கு அதிகமாப் பிடிச்சாங்க. பொய்தான். ஆனா அந்தப் பொய்யால பிழைச்சவங்க இன்னைக்கு நடமாடிக்கிட்டிருக்காங்க. என் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவே? சொல்லு."

பனிமலருக்கு மேடத்தின் மேல் ஆத்திரமாக வந்தது, அவர் சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. அதனால் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

"அப்போ பேனா?" என்றாள்.

"என்ன பேனா?"

"ஒரு ஷிஃப்டுக்கு ஒண்ணுதான் வரும்னு... பிடிச்சதும் வலது பைக்கு மாத்திடுவோமே. அதுக்கப்புறம் நாங்க ஆணையைப் படிக்கறதே இல்லை, மேடம். சும்மா பச்சையை அமுக்குவோம். எல்லாரும்தான். வேலைக்குப் போனவங்களும்."

மேடம் அவளுடைய கோட்டைப் பார்த்தார். வலது பையில் நீலப் பேனா இருந்தது. பிறகு தன்னுடைய கோட்டைக் குனிந்து பார்த்தார், ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "ஒரு ஷிஃப்டுக்கு ஒண்ணுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார். "யாருமே சொல்லலையே."

"நாங்களே கண்டுபிடிச்சுக்கிட்டோம்."

பரீட்சை என்று சொல்லத் தொடங்கி ஆறு வருஷம், ஆறு வார்டு, தினமும் மூன்று ஷிஃப்ட். மேடம் மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளிறி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மாணவர்களின் பயத்தை அவர் எடுத்துவிட்டபோது, அதோடு சேர்ந்து அவர்களுடைய கவனமும் போயிருந்தது.

"மேடம், நான் ரெண்டாம் வருஷத்துல ஒண்ணு விட்டேன். மூணாம் வார்டு, பதினொண்ணாம் படுக்கை. அஞ்சு மார்க் குறைஞ்சுது." பனிமலர் மேஜை மேல் குனிந்தாள். "உள்ள உப்புத்தண்ணிதானே, மேடம்?"

கிருபாவதி மேடம் திரையைத் திருப்பி, எதையோ தேடிப் படித்தார். "சண்முகத்தாய். வயசு நாப்பத்திநாலு. காய்ச்சல்னு வந்தவங்க. போட்ட ஊசியை அவங்க கிட்னி தாங்கலை. நாலு நாள் கழிச்சு அது தெரிஞ்சப்போதான் உன் மார்க் குறைஞ்சுது." அவர் நிமிரவில்லை. "இருக்காங்க. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு வர்றாங்க. இங்கதான், மூணாம் மாடி."

யாரிடமும் சொல்லாதே என்று மேடம் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் பனிமலர் எல்லோரிடமும் சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. ஒன்பதாம் படுக்கைக் கதையை விவரமாகச் சொன்ன பிறகு நம்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. தாங்கள் விட்ட சோதனை எத்தனை என்று எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும், மார்க் போன விஷயம் ஆயிற்றே. ஒருத்தி மூன்று என்றாள். இன்னொருத்தி சொல்லாமலே எழுந்து வாந்தியெடுக்கப் போனாள்.

"எனக்கு நாலு" என்றான் சுடலைராஜ். "படுக்க நம்பரு மட்டும் ஞாவகம் இருக்கு. பேரு ஒண்ணுகூடத் தெரியல, பனி."

புதன்கிழமை காலை எல்லோருடைய பேனாவும் இடது பையில் இருந்தது, மதியமும் அங்கேயே இருந்தது. மேடம் சொன்னபடியேதான் நடந்தது. ஆறு வார்டிலும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. டாக்டர் நெல்சன் ஓடி ஓடிக் களைத்துப்போனார். வியாழக்கிழமை மூன்று பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். சுடலைராஜ் போகவில்லை, ஆனால் ஒவ்வொரு ஆணையையும் பதினோரு விநாடி வரைக்கும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். அறுவை முடிந்து கண் விழித்த கோமதிநாயகம் மட்டும் ஒன்றும் தெரியாமல், தேரைப் பார்த்ததும் ஈனக் குரலில் "ஹோல்டான்" என்றார். பனிமலருக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். நாட்குறிப்புக் கேள்வி வந்திருந்தது. அதைத் திறக்காமல் மூன்றாம் மாடிக்குப் போனாள்.

சண்முகத்தாய் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு குழாய் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. பனிமலருக்கு முகம் ஞாபகம் இல்லை. சண்முகத்தாய்க்கு இருந்தது.

"ஏ, பொத்தான் புள்ளதான நீ? மூணாவது வார்டுல இருந்தேல்லா?" அவள் முகமெல்லாம் சிரித்தாள். "வளந்துட்டியே. இங்கயா போட்டிருக்காவ?"

"இல்லம்மா, உங்களைப் பாக்க வந்தேன்."

"என்னயவா! உக்காரு, உக்காரு. இங்க நாலு மணி நேரம் பேச ஆளு கெடைக்காது. காச்சல்னு வந்தேன், அது கிட்னில ஏறிட்டுன்னாவ. தீப்பெட்டி ஆபீசுக்கு இப்பம் போறதில்ல, கையில தெம்பு இல்ல. சரி அத விடு. நீ படிச்சு முடிச்சிட்டியா? நர்ஸ் ஆயிட்டியா?"

பனிமலர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷமாகப் புளுகி எழுதிய நாட்குறிப்புக் கேள்விக்கு உண்மைப் பதில் இப்போது தானாக வாயில் வந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடியே ஆயிட்டேம்மா. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

சண்முகத்தாய்க்கு அது புரியவில்லை. பனிமலர் சொன்னாள். அன்றைக்குக் காலையிலேயே பேனாவை வலப்பக்கம் மாற்றியது, பதினோராம் படுக்கைக்குத் தேர் வந்தது, பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டே பச்சையை அமுக்கியது, காய்ச்சல் கிட்னியில் ஏறவில்லை, அந்த ஊசிதான் கிட்னியைக் கெடுத்தது என்பது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது, அதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் விட்டுவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

சண்முகத்தாய் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். அவள் கோட்டைப் பார்த்தாள், பையில் இருந்த பேனாவைப் பார்த்தாள், வாசல் பக்கம் யாராவது எழுதிக்கொண்டு நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது. குழாய் இல்லாத கையை நீட்டிப் பனிமலரின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாத புள்ள. இதுவும் பரீச்சதான? ஒங்க பரீச்ச எல்லாம் எனக்குத் தெரியாதா? எத்தன வருசமா ஆஸ்பத்திரிக்கு வாரேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்பம் நான் என்ன சொன்னா ஒனக்கு முழு மார்க்கு குடுப்பாவ? சொல்லு, அதையே சொல்லுதேன்."